பாலத்துக்கு ஒரு கட்டுரை

கோணக்கால் என்கிற ஊரை விட்டு வெளியே போவதற்கு ஒரே வழி, கால்வாய்மேல் கிடந்த மரப்பாலம். அது நடக்கும்போது கொஞ்சம் ஆடும். "பாலத்தைச் சரி பண்ணாம கல்யாணத்துக்கு வரமாட்டோம்" என்று அக்கரைச் சம்பந்தி கறாராகச் சொல்லிவிட்டார். மகள் கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள். பெண்ணைப் பெற்ற மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

பாலத்தைச் சரி பண்ணித் தரச்சொல்லி, அக்கரையில் இருந்த கால்வாய் ஓவர்சியரிடம் ஓடினார். அவர் ஒரு காலத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர்.

"மனுன்னு எதையாவது கிறுக்கிக்கிட்டு வராதிய. கட்டுரையா எழுதுங்க. முன்னுரையில வரப்போறதைச் சொல்லணும். பத்திக்கு ஒரு கருத்து, கலக்கக்கூடாது. கருத்துக்குச் சான்று காட்டணும். கடைசியில முடிவுரை."

மாசிலாமணி, மச்சினன் சுடலைக்கண்ணு, பக்கத்து வீட்டுப் பிச்சைக்கனி. ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் இந்த மூன்று பேர்தான். ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு, கருத்துகள் கலந்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு வயலில் போய் உட்கார்ந்தார்கள்.

"முன்னுரை எழுதிட்டியால?" என்று கத்தினார் மாசிலாமணி.

"நடுவுல நீங்க என்ன எழுதுவியன்னு தெரியாம எப்படி அத்தான் எழுத?" என்றான் சுடலைக்கண்ணு.

"முன்னுரையே இல்லாம நான் எப்படில நடுவுல எழுத?"

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் மூன்று நாள் காத்திருந்தார்கள். பிச்சைக்கனிக்கு முடிவுரை. அது கடைசியில்தானே வரும் என்று அவர் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. நாலாம் நாள் மாசிலாமணியே மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு வரி எழுதினார்: 'பாலம் பாரம் தாங்காது.'

"சான்று?" என்றான் சுடலைக்கண்ணு.

மூன்று பேரும் பாலத்தில் ஏறி நின்றார்கள். தாங்கியது. காளையை ஏற்றினார்கள். அப்போதும் தாங்கியது. மாசிலாமணி கணக்குப் போட்டுப் பார்த்தார். இப்படியே தாங்கிக்கொண்டிருந்தால் கட்டுரை பொய்யாகும், கல்யாணமும் நின்றுபோகும். கல்யாணத்துக்கு வாங்கி வைத்த அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து அடுக்கினார்கள். பன்னிரண்டாவது மூட்டைக்குப் பாலம் மடமடவென்று முறிந்தது.

காளை நீந்தி வீட்டுக்குப் போய்விட்டது. அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது. மற்ற மூவரையும் தண்ணீர் அக்கரையில் ஒதுக்கியது.

"சான்று கிடைச்சிட்டு அத்தான்" என்று சுடலைக்கண்ணு பூரித்துப்போனான்.

உடைந்த பலகையோடு ஓவர்சியர் முன்னால் போய் நின்றார்கள். தலைப்பாகைக்குள் இருந்த காகிதத்தை மாசிலாமணி எடுத்து நீட்டினார். ஓவர்சியர் ஒரு வரியைப் படித்தார், பலகையைப் பார்த்தார்.

"கருத்து சரி, சான்றும் பலம். புதுப் பாலமே போட்டுறலாம். எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு மட்டும் ஒரு பத்தி எழுதிருங்க, கையெழுத்துப் போடுதேன்."

மாசிலாமணி ஒளிவுமறைவு தெரியாத மனுஷன். அங்கேயே குந்தி எழுதினார்: 'பாலமே தேவையில்லை. நாங்கள் பாலம் இல்லாமல்தான் வந்து சேர்ந்தோம்.' சுடலைக்கண்ணு, யாரும் கேட்காமலே, சான்றுக்குத் தன் வேட்டியைப் பிழிந்து காட்டினான்.

தரையில் ஓடிய தண்ணீரை ஓவர்சியர் குனிந்து பார்த்தார்.

"இந்தச் சான்று அதைவிட பலமா இருக்கே" என்று மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

சொட்டச் சொட்டச் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள்.

"பாலம் எங்கவே? கல்யாணம் என்னாச்சு?" என்றார் சம்பந்தி.

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவசரப்படாதிய சம்பந்தி. இப்ப வந்திருக்கது முன்னுரை. கல்யாணம் அடுத்த பத்தியில வரும்."

"ஒரு பத்தியும் வேண்டாம். எல்லாம் இத்தோட முடிஞ்சுது" என்று சம்பந்தி கதவை ஓங்கிச் சாத்தினார்.

"அப்ப என் முறை வந்துட்டு" என்று பிச்சைக்கனி வாசற்படியில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தார்.