இன்னும் காயலை

ஒரு ஊர்ல ஒரு மேளக்காரர் செத்துப்போயிட்டார்.

என்னடி முழிக்கிற? கதை முடிஞ்சுடுச்சான்னா கேக்கிற? அவசரக்குடுக்கை! இப்பத்தான் ஆரம்பம். கால நீட்டிப் படு. ம் கொட்டணும், சொல்லிட்டேன். ம் நின்னா கதையும் நின்னுடும்.

அது கியூபாங்கிற தீவு, சுத்தி கடல். அங்க ஒரு ஒண்டுக்குடித்தனம். நடுவுல முற்றம், நாலு பக்கமும் வீடு, ஒரு வீட்ல தும்மினா எல்லா வீட்லயும் கேக்கும். அந்த மேளக்காரர் பேரு எவாரிஸ்தோ. எங்க, சொல்லு... நாக்கு சுளுக்கிக்கிச்சா? பரவால்ல. அவர் வாசிச்சது காங்கா மேளம். உன் கழுத்து உயரம் நிக்கும், பீப்பா மாதிரி வயிறு, தலையில மட்டும் தோலு. குச்சி கெடையாது, வெறுங்கைதான். தும் தும் தக்க, தும் தும் தக்க! கடல் தாண்டி எங்கெங்கேயோ காங்கா வாசிக்கிறவங்க எல்லாம் அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க, இல்லன்னா அவர் வாசிக்கிறதக் கேட்டுக் கத்துக்கிட்டவங்க.

ம்.

அவர் பொண்டாட்டி பேரு ஒதீலியா. அவளுக்கு அந்த மேளத்தைக் கண்டாலே ஆகாது. "என் சக்களத்தி"ன்னுதான் சொல்லுவா. ஏன் தெரியுமா? இப்ப வர்ற காங்காவுக்கெல்லாம் இரும்புத் திருகாணி இருக்கும், திருகினா தோலு இறுகிக்கும். அவரோடது ஆணி அடிச்ச பழங்காலத்து மேளம். கடல்காத்து பட்டா தொளதொளன்னு ஆயிடும். நம்ம ஊர்ல பறையக் காய்ச்சுவாங்கல்ல, அதே மாதிரி நெருப்புல காட்டணும். அதனால தினம் சாயங்காலம் அத உருட்டிக்கிட்டு வந்து அவ அடுப்புப் பக்கத்துல உக்காந்துடுவாரு.

"காஞ்சுதா? எடத்த விடுய்யா"ம்பா.

தோலத் தடவிப் பாத்துட்டு, "இன்னும் காயலை"ம்பாரு.

அவ வாழைக்காயப் பொரிப்பா. பொரிச்சத தப்பு தப்புன்னு தட்டையாத் தட்டுவா. அப்புறம் மறுபடி பொரிப்பா. "இப்போ?" "இன்னும் காயலை." தட்டுல இருந்து வறுவல் மட்டும் ஒண்ணு ஒண்ணா காணாமப் போகும். முற்றத்துல காத்துக்கிட்டு இருக்கிற ஜனம், "மனுஷன் இன்னும் தின்னுக்கிட்டு இருக்காருப்பா"ன்னு சிரிக்கும். ஒதீலியாவுக்கோ வயித்தெரிச்சல். "என்னைப் பாக்கவா வரான்? அவளுக்குக் குளிர் காய வரான்!"

அப்புறம்தான் அவர் போயிட்டார். ஒதீலியா அடுப்பே மூட்டலை. "யாருக்குப் பொங்கிப் போட?"ன்னுட்டா. அக்கம்பக்கத்துல குடுக்கிறத ரெண்டு வாய் தின்னுட்டுப் படுத்துக்குவா. பாவம், இல்ல?

ம்.

அப்போ குடித்தனக்காரங்க எல்லாம் கூடி, "அவர நெனச்சு ஒரு நாள் வாசிப்போம்க்கா, அவர் மேளத்துலயே"ன்னாங்க. பட்டணத்துல இருந்து ஒரு ம்யூசியம்காரரும் வந்தாரு, கோட்டு போட்டுக்கிட்டு. "வாசிக்க ஆள் இருந்தா சரிம்மா. இல்லன்னா எங்ககிட்ட குடுங்க, கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் காப்பாத்துறோம்"னாரு.

மொதல்ல வந்தான் ஒரு தடியன், கை ரெண்டும் உலக்கை. ஓங்கி ஒரு போடு போட்டான். தொப்! ஈரச் சாக்கு விழுந்த மாதிரி. அவ்ளோதான்.

அப்புறம் ஒரு ஒல்லி வந்தான். விரல் கண்ணுக்கே தெரியாத வேகம். தொப தொப தொப தொப! ஓரமா படுத்திருந்த நாய் கூட எழுந்து போயிடுச்சு.

மூணாவதா யாமிலா. அவர்கிட்டயே கத்துக்கிட்ட பொண்ணு, கப்பல் ஏறி வந்தவ. இப்ப வாசிக்கிற மேளத்துப் பழக்கத்துல திருகாணிய எங்கன்னு சுத்திச் சுத்தித் தேடினா, இல்லை. மெதுவா அவர் மாதிரியே கைய வெச்சா. தொப். அழுதுட்டா.

"மேளத்துக்கும் துக்கம்ப்பா. அவரோடயே போயிடுச்சு"ன்னாங்க எல்லாரும். அவர் வாசிக்கிறதத்தானே அவங்க பாத்திருக்காங்க? அடுப்படியில என்ன பண்ணாருன்னு யாரு கண்டா?

ஒதீலியாவுக்குத் தெரியும். ஆனா வாயத் தொறக்கலையே! "அவளுக்காக நான் அடுப்பு மூட்டணுமா? சாயங்காலம் பூரா எரிக்கணும். ஒழியட்டும்"னு மனசுக்குள்ள. வெளியில, "எடுத்துட்டுப் போங்கய்யா"ன்னுட்டா.

ம்... குடுத்துட்டாளா?

கேளு. வண்டி வர நேரமாகும்னு மேளத்த உள்ள உருட்டி, பழைய எடத்துலயே, அடுப்புப் பக்கத்துல வெச்சாங்க. அப்போ கொட கொடான்னு ஒரு சத்தம். என்னன்னு பாத்தா யாமிலா வயிறு!

"ஏண்டி, சாப்பிட்டியா?"

"காலைல இருந்து ஒண்ணும் இல்ல அத்தை."

"கடல் தாண்டி வந்த பொண்ணு, என் வீட்ல பட்டினியா கெடக்கிறதா?" அவ்ளோதான், வந்துச்சு பாரு கோவம்! அடுப்பு மூண்டுச்சு. சட்டி ஏறிச்சு. வாழைக்கா சொய்ங்ங்னு விழுந்துச்சு. மொதல் பொரியல எடுத்து, தட்டுறதுக்காகப் பலகைகிட்ட திரும்பினா, குறுக்க நிக்குது சக்களத்தி. "இன்னிக்குமா வழிய மறிக்கிற?"ன்னு ஓங்கி ஒரு அறை விட்டா.

கிண்ண்ண்ண்!

முற்றத்துல எல்லாத் தலையும் திரும்பிச்சு. ஒதீலியா அப்படியே நின்னுட்டா. இன்னும் வாழைக்காயத் தட்டக்கூட இல்லையே? ரெண்டாவது பொரியலே போடலையே? மொதல் பொரியலுக்கே காஞ்சு கிண்ணுன்னு நிக்குதே! அப்போ இத்தனை வருஷமா "இன்னும் காயலை, இன்னும் காயலை"ன்னு...

"பொய்யா!"ன்னு கத்தினா. "புளுகுமூட்டை! எல்லாம் பொய்யி!" சிரிக்கிறா, சிரிக்கிறா, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. மேளம் அப்பவே காஞ்சுடும். அதுக்கப்புறம் அந்த மனுஷன் அங்க உக்காந்திருந்ததெல்லாம் இவளுக்காக!

அப்போ வண்டி வந்துடுச்சு. ம்யூசியம்காரர் மேளத்துமேல கைய வெச்சாரு. ஒதீலியா அவர் கையில ஒரு தட்டு வறுவலத் திணிச்சு, "இதக் கொண்டுபோய்ப் பெட்டியில வைய்யா. அவ எங்க வீட்டுக்காரி"ன்னுட்டா. அவரும் அத அங்கேயே நின்னு தின்னு தீத்துட்டாரு.

யாமிலா வாசிச்சா. தும் தும் தக்க, தும் தும் தக்க! கரண்டியும் கையுமா ஒதீலியா ஆடினா பாரு, போன நாய் கூடத் திரும்பி வந்துடுச்சு.

இப்பவும் தினம் சாயங்காலம் அடுப்ப மூட்டி, பக்கத்துல மேளத்த வெச்சுப்பா. தோலு சீக்கிரமே காஞ்சுடும். இருந்தாலும் ஒரு தடவு தடவிட்டு, அவளே சொல்லிக்குவா, "இன்னும் காயலை"ன்னு.

ம்...

அடுப்பு அணைஞ்சுது, வறுவலும் தீந்துது, என் கதையும் ஆறிப்போச்சு. தூங்கு.

என்ன, ம் சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?

இன்னும் தூங்கலைன்னே வெச்சுக்குவோம். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்.