கரையில் நின்ற பூவரசு

நாச்சப்பன் காவி கேட்டு மடத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. மடத்தை நடத்திய தவமணி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். தலை நரைத்த பிறகு மச்சானுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை வந்துவிட்டது என்று அவருடைய மச்சினன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். நாச்சப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவி ரங்கநாயகி இறந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. இன்னமும் சாப்பிட உட்கார்ந்தால் கை அவளுக்கும் சேர்த்து இலை போட்டுவிடுகிறது. வாசலில் நாய் குரைத்தால், அவள்தான் வருகிறாள் என்று கால் எழுந்துவிடுகிறது.

“இந்த நெனப்பை அறுக்க ஒரு வழி சொல்லுங்கம்மா. அறுத்துட்டுக் காவி கட்டிக்கிறேன்.”

உங்கள் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அம்மா.

தோட்டத்தின் தலைமாட்டில், ஓடையை மறித்து நாச்சப்பனும் ரங்கநாயகியும் மண் சுமந்து கட்டிய சிறிய அணை இருந்தது. அந்த மதகுத் தண்ணீரில்தான் கீழே அவருடைய மஞ்சளும் மச்சினனின் வாழையும் விளைந்தன. அணைக்கரையின் நடுவில் பெரிய பூவரசு ஒன்று நின்றது. கரையில் மரம் ஆகாது என்று அவர் எவ்வளவோ தடுத்தார். மண் சுமந்தவளுக்கு நிழல்கூடக் கிடையாதா என்று கேட்டு அவள் நட்டுவிட்டாள். அவள் வாயை அவர் எந்தக் காலத்தில் ஜெயித்தார்?

அம்மா கோடாலி கொண்டுவரச் சொன்னார்.

“இதை வெட்டுங்க. காவி தர்றேன்.”

நாச்சப்பன் கோடாலியை ஓங்கினார். பிறகு மெல்ல இறக்கினார்.

“மனசு வரலையா?”

“மனசு கெடக்குதுங்கம்மா. வெட்டுனா கரை நிக்காது.”

ஏன் என்று அம்மா கேட்டார்.

“வெட்டுன மரத்தோட வேர் உள்ளுக்குள்ளயே மக்கிரும். வேர் இருந்த எடமெல்லாம் பொந்து. ஒரு பெருமழைக்குத் தண்ணி அது வழியாப் பூந்து கரையையே கொண்டுபோயிரும்.”

“தோண்டி எடுத்துட்டா?”

அதற்குக் கரையில் பாதியைப் பெயர்க்க வேண்டும், தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும், கீழே வெள்ளாமை காய்ந்துவிடும் என்றார் நாச்சப்பன்.

“அப்ப என்ன செய்யறது?”

“நட்டிருக்கக் கூடாது. நட்டாச்சு, வேரும் எறங்கிருச்சு. உசுரோட இருக்கற வேர் மண்ணைப் புடிச்சுட்டுத்தான் இருக்கும். அடியில கசியுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். காத்துதான் பயம். சாஞ்சா கரையையும் பேத்துக்கிட்டு விழும்.”

சொல்லி முடித்தவர் மரப்பட்டையில் கையை வைத்தார். எடுக்கவில்லை.

“அப்ப எனக்குக் காவி?” என்றார்.

அம்மா அண்ணாந்து பார்த்தார். கிளைகள் தண்ணீரின் மேல் பாரமாகத் தாழ்ந்திருந்தன.

“காவிக்கு என்ன அவசரம்? காத்துக்காலம் வருது. கிளையை மட்டும் கழிச்சுவிடுங்க.”