தொட்டுப் பார்த்த பொட்டு

பல் டாக்டர் சிதம்பரநாதனுக்கு வயது ஐம்பத்தேழு. பல்லைப் பிடுங்குவதில் தென்காசி வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒட்டுவதுதான் வரவில்லை. அதனால் தன்னைவிட இருபது வயது இளையவரான டாக்டர் மதுரவல்லியிடம் கற்றுக்கொள்ள வந்தார். வெட்கமெல்லாம் படவில்லை.

கையோடு தன் நோயாளி குழல்வாய்மொழி அம்மாளையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாளின் முன்பல்லில் மாட்டியிருந்த செராமிக் கேப், முறுக்கு கடித்ததில் முனை உடைந்துவிட்டது. சிதம்பரநாதன் இரண்டு முறை ரெசின் என்ற பல்நிறக் கலவையை வைத்து ஒட்டினார். இரண்டும் விழுந்தன. இன்றும் நிற்காவிட்டால் கேப்பையே அறுத்து எடுக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு மன்ற ஆண்டு விழா. அந்த அம்மாள்தான் செயலாளர். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற செயலாளரை யார் மதிப்பார்கள்?

"எங்க தப்புப் பண்றேன் மேடம்?"

"செய்யுங்க சார், பாப்போம்."

சிதம்பரநாதன் பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டினார். உடைந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி, ஆசிட் வைத்து, கழுவி, காயவைத்தார். பளபளப்பு போய் வெள்ளையாக மங்கி வந்தது. எல்லாம் கச்சிதம். பிறகு விரல்நுனியால் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"போதும் சார். திரையைக் கழற்றிடுங்க. கையுறையையும்."

"ஏன் மேடம்? நல்லாத்தானே வந்திருக்கு?"

மதுரவல்லி நாற்காலியில் இருந்த அம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கைப்பையில ஸ்டிக்கர் பொட்டு இருக்கா?"

இருந்தது. அட்டையை வாங்கி சிதம்பரநாதனிடம் நீட்டினார்.

"நல்லா ஒட்டுற பொட்டா ஒண்ணு எடுத்து அம்மாகிட்டக் குடுங்க."

சிதம்பரநாதன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஒரு பொட்டை உரித்து, பசைப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சந்தேகம் தீர இன்னும் இரண்டு தடவை. பிறகு திருப்தியாகக் கொடுத்தார்.

அந்த அம்மாள் வைத்துக்கொண்டு சிரித்தார். பொட்டு மடியில் விழுந்தது.

"என்ன டாக்டரய்யா, பசையத் தொட்டுத் தொட்டுப் பாத்தா ஒட்டுமா? சின்னப்புள்ளைக்கும் தெரியுமே!"

சிதம்பரநாதன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். கையுறையின் மாவும் பொட்டின் பசையும் அதில்தான் இருந்தன. பல்லைத் தடவிய விரலையும் பார்த்துவிட்டு, அவரும் சிரித்துவிட்டார்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். காய்ந்து, வெள்ளை மங்கல் தெரிந்ததும் விரல் தானாக எழுந்தது. பாவம், இருபத்தெட்டு வருடப் பழக்கம். அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். ஒட்டுமருந்து, ரெசின், அதை இறுகவைக்கும் நீல விளக்கு, மெருகு, எல்லாம் முடிந்து கண்ணாடியைக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. வாயைப் பொத்தும் கை மடியிலேயே இருந்தது.

சிதம்பரநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயமும் போகவில்லை.

"மேடம், இது நின்னுடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அம்மா உங்களைத் தேடி வராம இருந்தாத் தெரியும் சார்."