தண்ணீரில் நூறு

"இன்னும் எத்தனை வருஷம்தான் இந்தப் பரிசலைத் தூக்கச் சொல்றீங்க, குருவே?"

கேட்டவர் தணிகாசலம். வயது ஐம்பத்திரண்டு. பஸ் கண்டக்டராக இருந்தவர். முணுமுணுத்தால்கூடக் கடைசி சீட்டுக்குக் கேட்கும்.

குரு மாதி அவரைவிடப் பத்து வயது இளையவர். தூண்டில் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆத்துக்கு ரோடு கிடையாது. தூக்கினாத்தான் உண்டு."

"சரி, தூக்கறேன். மீன் எப்போ?"

"நூறு எப்போ?"

பாடமே அவ்வளவுதான். டிரவுட், ஜில்லென்ற தண்ணீரில் மட்டும் பிழைக்கிற மீன். அந்தத் தண்ணீரில் நூறு எண்ணும் வரை கை வைத்திருப்பவருக்கே தூண்டில். முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் வருஷம் பன்னிரண்டிலேயே "ஐயையோ!"

மூன்றாம் வருஷம் பத்தொன்பது.

ஒருமுறை டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் எண்ணிப் பார்த்தார்.

"ஸ்டாப்பிங்ல எல்லாம் நிக்காம போறீங்களே, கண்டக்டர்," என்றார் மாதி. "மறுபடி ஒண்ணுலேர்ந்து."

வேலையை விட்டாயிற்று. "மீனா, நானா?" என்று மனைவி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல் வந்து ஏழு வருஷம்.

அன்றும் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலையிறங்கினார். இரண்டு மணி நேரம். பரிசலுக்குள்ளிருந்து பார்த்தால் தெரிவது சொந்தக் கால் மட்டும்.

கரையில் இறக்கி வைத்தார். கையை விட்டார்.

இருபது. நாற்பது. கை நடுங்கவில்லை.

எழுபது. தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது.

"நூறு! ரைட், ரைட்! உடம்பு அடங்கிடுச்சு, குருவே! ஜெயிச்சுட்டேன்!"

மாதி தன் கையையும் தண்ணீரில் விட்டார்.

நேரம் போனது. நூறு தாண்டியது. இருநூறும் தாண்டியது.

"நீங்க எது வரைக்கும் போவீங்க, குருவே?"

"இருபத்தாறு."

"என்னது?"

"இருபத்தாறு. அதுக்கு மேல நான் போனதே இல்ல."

தணிகாசலம் சிரித்தார். "அப்புறம் எனக்கு மட்டும் எதுக்கு நூறு?"

"யாராலயும் முடியாதுன்னுதான். வர்றவங்க எல்லாம் வெறுத்துத் திரும்பிடுவாங்க. மீன் பிழைச்சிடும்."

சிரிப்பு பாதியில் நின்றது.

தணிகாசலம் நிமிர்ந்து, ஆறு இறங்கி வரும் மலையைப் பார்த்தார். ஆற்றுக்கு நிழல் தந்த சோலைக்காடு அங்கே இல்லை. வரிசையாக, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். பாறை மேல் வெயில்.

"எப்போ வெட்டினாங்க, குருவே?"

"கோடை ஆரம்பத்துல. தண்ணி வரைக்கும் சூடு வராதுன்னு நினைச்சேன்."

"மீன்...?"

மாதி கையை உதறித் துடைத்துக்கொண்டார். தூண்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க. இந்தத் தடவை நிதானமாத்தான் எண்ணினீங்க."