முக்கோணத்துக்கு வைத்த பொட்டு

கோவில்பட்டியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப். அங்கே மேனேஜர் தனுஷ்கோடி வைத்ததுதான் சட்டம். நகம் பட்டு உரிந்துபோன கார் பட்டன்களுக்கு அவரே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பட்டன்கள் புதுசாய்ப் பளபளத்தன. ஆனால் சுவிட்சைப் போட்டால் அவற்றில் ஒளிர வேண்டிய படங்களைத்தான் காணோம்.

"பல்பு போச்சு. மொத்த செட்டையும் மாத்தணும்" என்றார் கார்க்காரரிடம்.

வண்டி கழுவிக்கொண்டிருந்த வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள். "பல்பு உள்ள எரியத்தான் செய்யுது சார். நீங்கதான் அது கண்ணை மூடிட்டீங்க."

மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். முக்கோணப் படம் போட்ட அபாய விளக்குப் பட்டனைக் கழற்றி, தின்னரால் பெயிண்டைத் துடைத்தார். "ஒரு இண்டு இடுக்கு விடாம மறுபடி அடிப்பேன். நீ சுரண்டக் கூடாது, தின்னரைத் தொடக் கூடாது. ஆனா வெளிச்சம் வரணும். வரலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரி சார். வேலை தொடங்குமுன்ன அதுக்கு ஒரு பொட்டு வச்சுக்கிடட்டுமா?"

"பூஜையே போட்டுக்கோ!" என்று சிரித்தார்.

வெள்ளத்தாய் தன் பையிலிருந்து பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்தாள். முக்கோணத்தின் அளவுக்கே கத்தரித்து, அதன் மேல் ஒட்டினாள். மேனேஜர் பொட்டோடு சேர்த்து ரெண்டு கோட் அடித்தார்.

காய்ந்ததும் அவள் பொட்டை மெல்ல உரித்தாள். "நான் வச்சதை நானே எடுத்துக்கிடுதேன் சார்."

கார்க்காரர் பட்டனை மாட்டி அமுக்கினார். முக்கோணம் சிவப்பாகக் கண்சிமிட்டியது.

மறுநாள் காலை மேனேஜர் ஃபேன்சி ஸ்டோரில் நின்றார். "பெரிய பொட்டா நாலு அட்டை குடுங்க."

"வீட்டம்மாவுக்கா சார்?"

"ஆமா, ஆமா" என்றார், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே.