இருபத்தைந்து பூசணிப்பூ

மல்லாபுரத்து ராஜா சித்திரமல்லனுக்கு ராணிகள் இரண்டு, நாக்கு ஒன்று. அந்த ஒரு நாக்குதான் வினை. "மார்கழி முதல் நாள் அரண்மனை வாசலில் பூ வைத்து உனக்கென்று ஒரு சதுரக் கோலம்" என்று பெரிய ராணிக்கு வாக்குக் கொடுத்தார். மறுநாள் அதையே சின்ன ராணியிடமும் சொல்லித் தொலைத்தார்.

சேதியைக் கோலக்காரி குமுதவல்லியிடம் சொல்ல வேண்டியவர் அமைச்சர் தில்லைநாயகம். அவருக்கோ அந்த வேலையில் தம்பி மகளை வைத்துவிட ஆசை. மனிதர் வாயையே திறக்கவில்லை.

பாவம், குமுதவல்லி வழக்கம்போல் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஏறி, ஐந்து, மூன்று, ஒன்று என்று இறங்கும் புள்ளி வைத்தாள். புள்ளிக்கு ஒன்றாக இருபத்தைந்து பூசணிப்பூ. தோட்டத்தில் பூத்ததே அவ்வளவுதான்.

வாசலுக்கு வந்த ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன குமுதவல்லி இது? ரெண்டு சதுரம் எங்கே?"

"வெச்ச பூவைப் பொழுது சாயிற வரைக்கும் தொடக்கூடாதே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அமைச்சர். "தொட்டு அடுக்கினாலும் ஐயஞ்சு இருபத்தஞ்சு. ஒரே சதுரம்தான் வரும். வேற ஆள் பார்த்துடலாமா மகாராஜா?"

"ராணிகள் பூஜை முடிச்சு வர்றதுக்குள்ள காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து உனக்கு இங்கே வேலை இல்லை" என்றார் ராஜா.

குமுதவல்லி கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். வாசல் மூலைக்கு வந்ததும் நின்றாள். சிரித்தாள்.

"மகாராஜா, இப்படி மூலைக்கு வந்து சாய்வா எண்ணுங்க."

ராஜா எண்ணினார். நாலு, மூணு, நாலு, மூணு, நாலு, மூணு, நாலு. குமுதவல்லி நாலு பூ வரிசைகளில் மட்டும் காவி இழுத்தாள். மூன்று பூ வரிசைகளில் வெள்ளை மாவு இழுத்தாள். ஒரு பூ அசையவில்லை. நாலுக்கு நாலாய் ஒரு சதுரம், அதற்குள் மூன்றுக்கு மூன்றாய் இன்னொன்று! அமைச்சர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார். முகம் தொங்கிப்போயிற்று.

அதற்குள் ராணிகள் வந்துவிட்டார்கள். "பெரியது அக்காவுக்கா?" என்று சின்ன ராணி முகத்தைத் திருப்பினாள்.

"உங்க சதுரத்துக்குத்தாம்மா நடுவிலே பூ இருக்கு. அவங்களுதுக்கு நடுவே கிடையாது" என்றாள் குமுதவல்லி. சின்ன ராணி குளிர்ந்தாள், பெரிய ராணி முறைத்தாள். "சுத்தி ஓரம் பூரா உங்களுதுதாம்மா. அவங்க உங்களைத் தாண்டி வெளியே போக முடியாது" என்று குமுதவல்லி அவள் பக்கம் திரும்பினாள். பெரிய ராணியும் குளிர்ந்தாள்.

ராஜாவுக்கு ஆசை விடவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இருக்கே! மூணுமூணு ஒம்பது, நாநாலு பதினாறு. ரெண்டும் சேர்ந்தா அமைச்சர் சொன்ன ஐயஞ்சு. அந்தப் பெரிய சதுரம் உங்களுக்குத்தான்."

"அப்படிப் போடு!" என்று ராஜா மீசையை முறுக்கினார்.

"ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தாத்தான் மகாராஜா. பிரிஞ்சுட்டாங்கன்னா உங்களுக்கு ஒரு பூகூட மிஞ்சாது!"