நாலு பேர் நிலத்தில் ஒரு பன்றி

நரிமலை ஜமீன் நொடித்துப்போய், வேட்டைக்காட்டைக் கூறு போட்டு விற்ற காலத்தில், உப்போடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு துண்டு வாங்கினார்கள். சடையாண்டி, ஒச்சன், வீரணன், அப்புறம் நம்ம கொப்பையன். துண்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மாட்டைக் கட்டலாம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு உண்டான புத்தி இருந்தது. அதையும் அவர்கள் அவ்வளவாகப் புழங்குவதில்லை.

கொப்பையனுக்கு இது மானப் பிரச்சினை. பெண்டாட்டி சின்னாத்தாவின் அண்ணன்மார் அவனை எப்போதும் இளக்காரமாகவே பார்ப்பார்கள். "ஞாயித்துக்கெழம வாங்க மச்சான், என் சொந்தக் காட்டுப் பன்றிக்கறி போடுறேன்" என்று அவர்களிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தான்.

நிலத்தை அளந்து கொடுத்த ஜமீன் காரியஸ்தர் கறாரான ஆள். "எல்லைக்குள்ள வர்றது உங்களுது. எல்லைக்கு வெளிய ஒரு புல்லக்கூடத் தொடக்கூடாது. பன்றி வர்ற வரைக்கும் மரம் மாதிரி நில்லுங்க" என்றார்.

"ஜமீனே காட்டைப் பிரிச்சுட்டாரு. நாம பிரிக்காம இருந்தா மரியாதையா இருக்குமா?" என்று கேட்டான் சடையாண்டி. நியாயமாகத்தான் பட்டது. நாலாகப் பிரித்துக் கல் நட்டார்கள். ஆளுக்கு ஒரு முழ அகலத்தில் ஒரு பட்டை கிடைத்தது. அவரவர் பட்டையில் அவரவர் ஈட்டியோடு மரம் மாதிரி நின்றார்கள்.

காற்று அடித்தது.

"ஏப்பா, மரமெல்லாம் ஆடுது. நாம சும்மா நிக்கிறோமே?" என்றான் ஒச்சன்.

நாலு பேரும் ஆடினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு காட்டுப்பன்றி வந்து, நாலு பட்டைக்கும் குறுக்காக நின்று, கிழங்கு தோண்ட ஆரம்பித்தது.

"தலை என் நிலத்துல இருக்கு. நான் குத்தப்போறேன்" என்றான் சடையாண்டி.

கொப்பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ தலையைக் குத்தினா என் முன்னங்காலும்ல சேர்ந்து சாகும்? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"பொறுங்கப்பா, வயிறு என்னோடது. இன்னும் கொஞ்சம் நிறையட்டும்" என்றான் ஒச்சன்.

வீரணன் அழுதே விட்டான். "எனக்கு வெறும் வாலு! கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கப்பா!"

பாவமாக இருந்தது. நாலு பேரும் கூடிப் பன்றியைத் தள்ளித் திருப்பினார்கள். இப்போது பன்றி முழுசாக வீரணன் பட்டைக்குள் வந்துவிட்டது. மற்ற மூவரும் "அதெப்படி?" என்று பாய, அந்தக் கூச்சலில் பன்றி நடையைக் கட்டியது.

வழக்கு காரியஸ்தரிடம் போனது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நாலு நிலத்தையும் ஒண்ணாச் சேருங்கடா, எல்லாம் சரியாப் போகும்!"

மண்வெட்டியோடு போய் இறங்கினார்கள். மூன்று பட்டை மண்ணையும் ஆழமாகத் தோண்டி வீரணன் பட்டையில் கொட்டிச் சேர்த்தார்கள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பெரிய பள்ளம். வேலை முடிந்து மேட்டில் ஏறி நிற்கும்போது ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது. அண்ணன்மாரும் வந்து சேர்ந்தார்கள்.

அதே பன்றி ஓடிவந்து பள்ளத்தில் தொபுக்கென்று விழுந்தது.

"மாப்ளே, குத்துங்க!" என்று கத்தினார் மூத்தவர்.

கொப்பையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "எங்க நிலம் பூராவும் இந்த மேட்டுல இருக்கு மச்சான். பள்ளம் எங்களுது இல்ல. அங்க ஒரு புல்லக்கூடத் தொடக்கூடாது."

சொன்னதோடு நிற்காமல், ஒரு பலகையைப் பள்ளத்தில் சாய்த்து விட்டான். பன்றி மேலேறி வந்தது. அண்ணன்மார் ஆளுக்கொரு மரத்தில் ஏறிக்கொண்டார்கள்.

"வாங்க வாங்க, மேல வாங்க!" என்று நாலு பேரும் பன்றியைக் கும்பிட்டு அழைத்தார்கள். அது முன்னங்காலை மேட்டில் வைத்தது.

"அவசரப்படாத, மிச்சமும் வரட்டும்" என்று ஒச்சன் அடக்கினான். பன்றிக்கு இடம் விட்டு நாலு பேரும் மரியாதையாகப் பள்ளத்து ஓரமாக நகர்ந்தார்கள். நகர்ந்து நகர்ந்து, மொத்தமாகப் பள்ளத்தில் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் பலகையும் எகிறி மேட்டில் போய்க் கிடந்தது.

"முழுசா நம்ம நிலத்துக்குள்ள வந்துடுச்சு!" கீழே கிடந்தபடியே துள்ளினான் வீரணன். "குத்துங்கப்பா!"

"எப்படிக் குத்துறது? நாமதானே இப்ப வெளியாளு?" என்றான் கொப்பையன். நிலத்துக்காரன் யாராவது இருக்கிறானா என்று மேட்டை அண்ணாந்து பார்த்தான். பன்றி மட்டும்தான் நின்றது.

கொப்பையன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"ஐயா, அந்தப் பலகையைக் கொஞ்சம் இறக்கி விடுங்க. உத்தரவு கொடுத்தா உள்ள வர்றோம்."